அடிசன் போன இரவும் மூன்று வில்லன்கள் வந்த நாளும்: கிளைத்தொடர், அடுத்த பாகம் என்றால் என்ன?

"கிரேஸ் அனாட்டமி" தொடரை முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறவர்கள் மூன்றாம் சீசனின் 22ஆவது எபிசோடில் வந்து தடக்குப்படுகிறார்கள். அதுவரை சியாட்டில் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குள் நடந்த கதை திடீரென்று லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் போகிறது. கடல், வெயில், அழகான கட்டடம், முன்பின் தெரியாத ஒரு கூட்டம் டொக்டர்கள். அவர்கள் எல்லோரும் நமக்கு ஏற்கெனவே பழக்கமானவர்கள் மாதிரிக் கதைக்கிறார்கள். பென்ட்ரைவில் வேறு நாடகம் ஏதும் கலந்துவிட்டதா என்று சந்தேகம் வருவது நியாயம்தான்.

இன்னொரு குழப்பமும் கூடவே வரும். ஸ்பைடர்மேன் மூன்றாம் பாகம் என்று ஒருவர் டோபி மக்குவயர் நடித்ததைச் சொல்வார், இன்னொருவர் டொம் ஹொலண்ட் நடித்ததைச் சொல்வார், இரண்டு பேர் சொல்வதும் சரி.

இவை இரண்டையும் ஒரே கட்டுரையில் எடுப்பதற்குக் காரணம் திகதி. அடிசன் என்ற டொக்டர் சியாட்டிலிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் போன அந்த இரண்டு மணி நேர எபிசோட் (22உம் 23உம் சேர்ந்தது) அமெரிக்காவில் ஒளிபரப்பானது 2007 மே 3, வியாழக்கிழமை இரவு. மக்குவயரின் மூன்றாவது ஸ்பைடர்மேன் படம் அங்கே திரைக்கு வந்தது அடுத்த நாள், மே 4. ஒரே இரவுக்கும் அடுத்த பகலுக்கும் இடையில், ஓடிக்கொண்டிருந்த இரண்டு நல்ல கதைகள் மேல் தாங்க முடியாத பாரம் ஏற்றப்பட்டது. அந்தப் பாரத்தை விளங்கிக்கொண்டால் மற்றக் குழப்பங்கள் தானாகத் தீரும்.

வன்னியில் இந்தக் குழப்பம் கூடுதலாக இருப்பதற்கு நமக்கென்று ஒரு காரணம் உண்டு. 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. 2007 மே மாதத்தில் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருந்தவர்களுக்கு இந்தப் படத்தை அந்த நேரத்தில் பார்க்கிற வழியே இருக்கவில்லை. எல்லாம் பிறகுதான் வந்தது, அதுவும் வரிசையில்லாமல் வந்தது. மூன்றாம் பாகம் முதலில் கையில் கிடைக்கும், கிளைத்தொடர் கிடைத்து இரண்டு வருஷம் கழித்துத் தாய்த்தொடர் கிடைக்கும். ஆகவே அடியிலிருந்து தொடங்குவோம்.

முதலில் சொற்கள்

1. பைலட். ஒரு தொடரைத் தொடங்குமுன் மாதிரிக்கு எடுக்கிற முதல் எபிசோட். தொலைக்காட்சி நிறுவனம் அதைப் பார்த்துத்தான் தொடரை எடுப்பதா விடுவதா என்று முடிவெடுக்கும். பிடிக்காவிட்டால் அது யார் கண்ணிலும் படாமலே போய்விடும், செலவழித்த காசும் போய்விடும்.

2. கிளைத்தொடர், அதாவது ஸ்பின்-ஓஃப். ஓடிக்கொண்டிருக்கிற தொடரிலிருந்து ஒரு பாத்திரத்தைப் பிரித்தெடுத்து, அவரை வைத்து வேறொரு தொடர் தொடங்குவது. தாய்த்தொடர் நிற்காது, தன்பாட்டில் ஓடும்.

3. பின்வாசல் பைலட். கிளைத்தொடரின் பைலட்டைத் தனியாக எடுக்காமல் தாய்த்தொடரின் ஒரு எபிசோடாகவே எடுத்து ஒளிபரப்புவது. நம்மைத் தடக்க வைத்த 22, 23ஆம் எபிசோடுகள் இதுதான்.

4. அடுத்த பாகம், அதாவது சீக்குவல். அதே ஆள், அதே உலகம், முன்பு நடந்ததற்குப் பிறகு நடப்பது.

5. மறுதொடக்கம், அதாவது ரீபூட். முன்பு நடந்தது எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு, வேறு நடிகரோடு அதே நாயகனின் கதையை முதலிலிருந்து தொடங்குவது.

மூன்றாவது சொல்தான் பலருக்குப் பிடிபடாது. மல்லிகைக் கொடியைப் பதி வைப்பது நினைவிருக்கும்தானே. ஒரு கிளையை வளைத்து மண்ணுக்குள் புதைத்துக் கல்லை வைத்துவிடுவோம். கிளையைத் தாய்க்கொடியிலிருந்து வெட்ட மாட்டோம், வேர் விடும்வரை அது தாயின் தண்ணீரைத்தான் குடிக்கும், வேர் பிடித்த பிறகுதான் வெட்டி எடுப்போம். பின்வாசல் பைலட் அதேதான். புதிய தொடர் இன்னும் வேர் விடவில்லை, அதனால் தாய்த்தொடரின் பார்வையாளர்களையும் நேரத்தையும் காசையும் வைத்து அதை உயிரோடு வைத்திருக்கிறார்கள். வேர் பிடிக்காவிட்டாலும் நட்டம் குறைவு, தாய்த்தொடருக்கு ஒரு எபிசோட் எப்படியும் மிஞ்சும்.

அடிசன் ஏன் போனார்

தாய்த்தொடர் ஏபிசி தொலைக்காட்சியில் 2005 மார்ச் 27 தொடங்கியது. உருவாக்கியவர் ஷோண்டா ரைம்ஸ். முதல் சீசன் வெறும் 9 எபிசோடுகள். அதன் கடைசி நிமிடத்தில்தான் அடிசன் வருகிறார், தொடரின் நாயகி மெரெடித் விரும்புகிற டொக்டர் டெரெக்கின் மனைவியாக. மெரெடித்தோடு சேர்ந்து நாமும் அந்த இடத்தில் உறைந்துபோவோம். கதைப்படி அவர் இடைஞ்சலாக வந்தவர், நாம் வெறுக்க வேண்டியவர். ஆனால் கேட் வோல்ஷ் அந்தப் பாத்திரத்தை எடுத்துச் செய்த விதத்தில், இரண்டாம் சீசன் முடிவதற்குள் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று மனம் சொல்லத் தொடங்கிவிடும். கொஞ்ச நாளைக்கு என்று வந்த பாத்திரம் நிரந்தரமாகிவிட்டது. ஒரு கிளை தனியாக நிற்கும் என்று நம்பக் காரணம் இருந்தது.

சரி, பிறகு ஏன் அந்த இரண்டு மணி நேரம் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது? என் கணிப்பில் காரணம் இதுதான். அந்த எபிசோட் லொஸ் ஏஞ்சல்ஸில் மட்டும் நடக்கவில்லை. சியாட்டிலில் அதே நேரம் மெரெடித்தின் தகப்பனுடைய இரண்டாவது மனைவி சூசன் வெறும் விக்கல் என்று ஆஸ்பத்திரிக்கு வருகிறார், வந்தவர் செத்துப்போகிறார். தகப்பன் மெரெடித்தின் கன்னத்தில் அறைகிறார். மூன்று சீசனாக நாம் கூடவே இருந்த ஒரு பிள்ளைக்கு, புதிதாகக் கிடைத்த தாய் மாதிரியான ஒருத்தி கைவிட்டுப் போகிற நேரம் அது. அந்தக் காட்சியிலிருந்து கதை வெட்டி லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் போகும்போது அங்கே டொக்டர்கள் பகிடி விட்டுக்கொண்டு, யார் யாரை விரும்புகிறார் என்று கதைத்துக்கொண்டு இருக்கிறார்கள். அடிசனுடைய சோகமும் சின்னதல்ல, தனக்குப் பிள்ளை பெறுகிற வாய்ப்பு முடிந்துபோயிற்று என்பதை அவர் அங்கேதான் தெரிந்துகொள்கிறார். ஆனால் அதற்குரிய அமைதியை அந்த எபிசோட் கொடுக்கவில்லை, கொடுக்க நேரமும் இல்லை, ஏனென்றால் அதே நேரத்துக்குள் ஆறேழு புது முகங்களை நமக்கு அறிமுகப்படுத்தி முடிக்க வேண்டும். செத்த வீட்டுக்குப் போய் நிற்கும்போது பக்கத்து வளவில் கலியாண வீட்டுப் பாட்டுக் கேட்பதுபோல இருக்கிறது. இரண்டு வீட்டிலும் பிழை இல்லை, பக்கத்தில் பக்கத்தில் வந்ததுதான் பிழை.

அதோடு அவசரம் அப்பட்டமாகத் தெரிகிறது. அடிசனின் நெருங்கிய தோழி நயோமியாக அந்த எபிசோடில் வருபவர் மெரின் டஞ்சி. ஏறத்தாழ ஐந்து மாதம் கழித்து, 2007 செப்டெம்பர் 26இல் "பிரைவேட் பிராக்டிஸ்" என்ற பெயரில் கிளைத்தொடர் தொடங்கும்போது நயோமியாக நிற்பவர் ஓட்ரா மெக்டொனால்ட். அதே பெயர், அதே ஆள், முகம் மட்டும் வேறு. வரிசையாகப் பார்ப்பவர்கள் இங்கேயும் ஒருமுறை தடக்குப்படுவார்கள், கோப்பில் பிழை இல்லை.

கிளைத்தொடரின் முதல் சீசனும் 9 எபிசோடோடு நின்றுபோனது ஏன் என்பது இன்னொரு கேள்வி. அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 2007 நவம்பர் 5 தொடங்கி 2008 பெப்ரவரி 12 வரை வேலைநிறுத்தம் செய்தார்கள், எழுத ஆளில்லை. ஆனாலும் பதி வைத்த கிளை பிழைத்தது. 6 சீசன், 111 எபிசோட், 2013 ஜனவரி 22 வரை ஓடியது. டெரெக்கின் தங்கை அமீலியா 2010இல் முதலில் தோன்றியது இந்தக் கிளைத்தொடரில்தான். இது முடிந்த பிறகு அவர் சியாட்டிலுக்குப் போய், தாய்த்தொடரின் முக்கியமான ஆட்களில் ஒருவராகிவிட்டார். எனக்கு இதில் பெரிய மகிழ்ச்சி, ஏனென்றால் அமீலியாவின் போதைப்பழக்கமும் அவர் இழந்த குழந்தையும் பற்றிய கதை இந்தத் தொடரில் வந்த மிக நேர்மையான எழுத்து.

"பிரைவேட்" என்ற சொல் இங்கே வேறு

நம்மிடம் பிரைவேட்டாகப் பார்ப்பது என்றால், அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற டொக்டர் கடமை நேரம் முடிந்த பிறகு தனியார் இடத்தில் நோயாளரைப் பார்ப்பது. அந்தத் தலைப்பின் பொருள் அதுவல்ல. சில டொக்டர்கள் பங்காளிகளாகச் சேர்ந்து சொந்தமாக ஒரு சிகிச்சை நிலையம் நடத்துவது அது. வாடகை, வருமானம், யாரை எடுப்பது, எந்த நோயாளரை மறுப்பது எல்லாம் அவர்களே ஓட்டுப்போட்டு முடிவெடுக்க வேண்டும். அந்தத் தொடரின் பாதிச் சண்டைகள் இந்தப் பங்காளிச் சண்டைகள்தான். காசில்லாமல் வார்ட்டில் படுத்து வைத்தியம் பார்த்துப் பழகிய நமக்கு அது உடனே விளங்காது.

"இன்டர்ன்" என்ற சொல்லும் அப்படித்தான். இங்கே எம்.பி.பி.எஸ். முடித்தவர் ஒரு வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரியில் இரண்டு பிரிவுகளில் செய்வது உள்ளகப் பயிற்சி, சத்திரசிகிச்சை நிபுணராவது பிறகு வருகிற நீண்ட கதை. மெரெடித்தும் அவர் தோழி கிறிஸ்டினாவும் முதல் நாளே சத்திரசிகிச்சைத் துறைக்குத் தெரிவானவர்கள், முன்னால் பல வருஷப் பயிற்சியின் முதல் வருஷத்தில் இருப்பவர்கள். அதனால்தான் முதல் நாளிலேயே சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் நிற்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. மருத்துவத் தொடர்களில் இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தினால் பெரும்பாலும் எழும்பிவிடுவார். 1996இல் நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு, அந்தக் காலத்து மூன்று அமெரிக்கத் தொடர்களை எடுத்து எண்ணிப் பார்த்தது. திரையில் 75 வீதமானோர் உடனடியாகப் பிழைத்தார்கள். நிஜம் அதற்கு வெகு கீழே. திரையில் கோடு நேராகப் போனதும் மின் அதிர்ச்சி கொடுப்பார்கள், உண்மையில் நேர்கோட்டுக்கு மின் அதிர்ச்சி கொடுப்பதில்லை, நெஞ்சை அழுத்திக்கொண்டு மருந்துதான் கொடுப்பார்கள். துடிப்பு தாறுமாறாக ஓடுகிறபோதுதான் அதிர்ச்சி பயன்படும். ஆகவே வீட்டில் யாரும் மயங்கி விழுந்தால் தொடரில் பார்த்ததை நினைத்துக்கொண்டு நிற்காமல் முதலில் 1990க்கு எடுங்கள். அந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2018இல் வட மாகாணத்துக்கும் வந்துவிட்டது.

மூன்று வில்லன்கள் ஏன் வந்தார்கள்

அடுத்த பாகம் கிளைத்தொடர் போல அல்ல, அதற்குப் பதி வைப்பது உதாரணமாகாது. அதே வயலில் திரும்ப விதைப்பதுதான் அது. இரணைமடுவுக்குக் கீழே வயல் செய்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காலபோகம் மழையோடு போகும். சிறுபோகம் குளத்தில் நிற்கிற தண்ணீரை நம்பியது. அதனால் கூட்டம் வைத்து, தண்ணீரைக் கணக்குப் பார்த்து, இந்த முறை இத்தனை ஏக்கர் என்று பங்கு பிரிப்பார்கள். அதை மீறி விதைத்தால் பயிர் குடலைப் பருவத்துக்கு வருகிற நேரம் தண்ணீர் முடிந்துவிடும்.

ஒரு படத்துக்குத் தண்ணீர் என்பது அதன் நேரம். மூன்றாவது ஸ்பைடர்மேன் 139 நிமிடம். அதில் விதைக்கப்பட்டவை இவை:

1. ஹரி. முந்திய பாகத்தின் முடிவில் தன் நண்பன் பீட்டர்தான் ஸ்பைடர்மேன் என்று தெரிந்துகொண்டவர். தகப்பனின் சாவுக்குப் பழிவாங்க வர வேண்டும். 2004இல் வைத்த கடன் இது, கட்டாயம் தீர்க்க வேண்டும்.

2. சான்ட்மேன். நோயாளி மகளுக்காகத் திருடப் போனவர், விஞ்ஞானப் பரிசோதனை ஒன்றுக்குள் விழுந்து மணலாகிறார். பீட்டரின் சித்தப்பா பென்னின் சாவோடும் இவருக்குத் தொடர்பு உண்டு என்று கதையை மாற்றி எழுதினார்கள்.

3. வெனம். விண்கல்லோடு வந்த கறுப்புப் பொருள் முதலில் பீட்டரைப் பிடிக்கிறது, பிறகு பீட்டரோடு போட்டி போடுகிற படப்பிடிப்பாளர் எடி புரொக்கைப் பிடிக்கிறது.

4. இவை போதாதென்று குவென் ஸ்டேசி என்ற புதுப்பெண், பீட்டரின் காதலி மேரி ஜேனின் நாடக வேலை பறிபோவது, ஹரி தலையில் அடிபட்டு எல்லாவற்றையும் மறப்பது, பிறகு நினைவு திரும்புவது.

இயக்குநர் சாம் ரெய்மிக்குச் சொல்ல வேண்டியிருந்தது மன்னிப்பைப் பற்றிய கதை. ஹரியும் சான்ட்மேனும் அந்தக் கதைக்குப் பொருந்துகிறார்கள், இருவரையும் பீட்டர் மன்னிக்க வேண்டும், அவர்களிடம் மன்னிப்பு வாங்கவும் வேண்டும். வெனம் இரசிகர்களுக்குப் பிடித்த வில்லன் என்பதால் தயாரிப்புத் தரப்பிலிருந்து ஏவி அராட் வற்புறுத்திச் சேர்க்கப்பட்டது. எல்லாப் பாத்திரங்களிலும் தனக்கு நம்பிக்கை இருக்கவில்லை என்று ரெய்மி பின்னாளில் வெளிப்படையாக ஒத்துக்கொண்டார். வெனமுக்குப் படத்தின் கடைசிப் பகுதியில்தான் இடம் கிடைக்கிறது, அதற்குள் தண்ணீர் முடிந்துவிட்டது. வில்லன்கள் இருவர் ஒரு சந்தில் சந்தித்து இரண்டு வசனத்தில் கூட்டுச் சேருகிற இடத்தைப் பாருங்கள். ஒரு முழுப் படத்துக்குரிய பகை அங்கே அரை நிமிடத்தில் முடிகிறது. இந்த இடத்தில் எனக்குக் கோபத்தைவிடக் கவலைதான் வருகிறது, ஏனென்றால் இரண்டாம் பாகத்தில் ஒரே ஒரு வில்லனை வைத்துக்கொண்டு, அவருக்கு ஒரு மனைவியையும் ஒரு கனவையும் கொடுத்து, எவ்வளவு ஆழமாகப் போனவர் இதே ரெய்மி.

காசு சொல்கிற கதை வேறு

படம் மோசமாகப் போனது என்று பலர் நினைக்கிறார்கள், கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஏறத்தாழ 258 மில்லியன் டொலர் செலவு, உலகம் முழுக்க வசூல் 890 மில்லியனுக்கு மேல். மூன்று பாகங்களில் அதிகம் உழைத்தது இதுதான். பிறகு ஏன் நாலாம் பாகம் வரவில்லை?

1. ஸ்பைடர்மேன் சித்திரக்கதைகளை வெளியிட்ட மார்வெல், 1996இல் கடனில் மூழ்கி வங்குரோத்து வழக்குக்குப் போன நிறுவனம். ஸ்பைடர்மேனைப் படமாக்கும் உரிமையை 1999இல் சோனி வாங்கிக்கொண்டது.

2. அந்த உரிமைக்கு ஒரு நிபந்தனை உண்டு. குறிப்பிட்ட கால இடைவெளிக்குள் அடுத்த படத்தை எடுக்கத் தொடங்காவிட்டால் உரிமை மார்வெலுக்கே திரும்பிவிடும். அதாவது சோனியால் சும்மா இருக்க முடியாது.

3. நாலாம் பாகத்தின் திரைக்கதை ரெய்மிக்குத் திருப்தி தரவில்லை. 2010 ஜனவரியில் அந்தப் படம் கைவிடப்பட்டது. காத்திருக்க முடியாத சோனி மறுதொடக்கத்துக்குப் போனது. 2012இல் அன்ட்ரூ கார்பீல்ட் வந்தார்.

4. 2015 பெப்ரவரியில் சோனியும் மார்வெலும் ஒப்பந்தம் செய்தன, அடுத்த வருஷம் டொம் ஹொலண்ட் வந்தார். அவருடைய மூன்றாவது தனிப்படம் 2021 டிசெம்பர். அதில் மூன்று ஸ்பைடர்மேன்களும் சேர்ந்து நிற்கிறார்கள், மூன்று பேரும் மூன்று வேறு உலகத்துக்காரர் என்று கதையே சொல்லிவிடுகிறது.

ஆகவே இனி யாரும் மூன்றாம் பாகம் என்றால் எந்த வருஷத்தது என்று கேட்டுவிட்டுக் கதையைத் தொடங்குங்கள்.

அடுத்த முறை என்ன மாறியது

ஏபிசி 2018இல் "ஸ்டேஷன் 19" என்ற இரண்டாவது கிளைத்தொடரைத் தொடங்கியது. மறுபடியும் பின்வாசல் பைலட், 2018 மார்ச் 1. இந்த முறை நம்மை வேறு நகரத்துக்கு இழுத்துக்கொண்டு போகவில்லை. தீயணைப்புப் படைப் பெண் ஒருத்தி நோயாளியோடு அதே ஆஸ்பத்திரிக்குள் வருகிறார், நாம் இருந்த இடத்திலேயே இருந்து அவரைத் தெரிந்துகொள்கிறோம். டொக்டராக இருந்த பென் வொரன் தீயணைப்பு வேலைக்கு மாறிப் போவதும் அவர் குணத்துக்குப் பொருந்துகிறது. அந்தத் தொடர் 2024 மே 30இல் முடிந்தது, பென் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். முதல் முறை பதி வைத்தபோது கிளையை அளவுக்கு மிஞ்சி வளைத்தார்கள், இரண்டாம் முறை தாயின் அடியிலேயே புதைத்தார்கள் என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

எந்த வரிசையில் பார்ப்பது

1. தாய்த்தொடரின் மூன்று சீசனையும் முழுதாக முடியுங்கள். 22, 23ஐத் தாண்டிப் போக வேண்டாம், தாண்டினால் சூசனின் சாவும் போய்விடும்.

2. பிறகு பிரைவேட் பிராக்டிஸ் முதல் சீசன். ஒன்பதே எபிசோட். அதோடு தாய்த்தொடரின் 4ஆம் சீசன்.

3. தாய்த்தொடரின் 5ஆம் சீசனும் கிளைத்தொடரின் 2ஆம் சீசனும் நடுப்பகுதியில் ஒன்றையொன்று தொடும். அடிசன் தன் தமையன் ஆர்ச்சரை மூளைச் சத்திரசிகிச்சைக்காக டெரெக்கிடம் கொண்டுவருகிறார். அது ஒளிபரப்பானது 2009 பெப்ரவரியில், திகதியைப் பார்த்து மாறி மாறிப் பார்த்தால்தான் முழுக் கதையும் கிடைக்கும்.

4. அமீலியா தாய்த்தொடரில் நிரந்தரமாகச் சேரும் முன் கிளைத்தொடரை முடித்துவிடுங்கள்.

5. ஸ்பைடர்மேனுக்கு 2002, 2004, 2007 என்ற வரிசை. மூன்றாவதை ஏற்கெனவே பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று விட்டவர்கள், சான்ட்மேன் மணலிலிருந்து முதன்முதல் எழும்புகிற காட்சியை மட்டுமாவது திரும்பப் போட்டுப் பாருங்கள். ஒரு கை உருவாகி உதிர்கிறது, எழும்பப் பார்த்து விழுகிறார், மகளின் படம் இருக்கிற பதக்கத்தை எடுக்கப் போகிற விரல் மணலாகிச் சரிகிறது. அந்தக் காட்சியில் ஒரு வசனம்கூட இல்லை, ஆங்கிலம் தெரியாத அம்மம்மாவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டும் பார்க்கலாம்.